மன்னார்ச் சலாபத்தின் கணக்கேடுகள்

மன்னார்க் குடாவின் கீழ்த்திசைக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று தெற்கு நோக்கி நீண்டு செல்லும் முட்புதர் மண்டிய மணல்வெளியானது, பல ஆண்டுகள் மனித நடமாட்டம் அருகிக் கிடந்து, பின்பு ஏதோவொரு மாசி மாதத்தில், ஓலைக் குடிசைகளும் கடைத்தெருவும் நீதிமன்றமும் வைத்தியசாலையும் கொண்ட ஒரு பட்டணமாகத் திடீரென உருக்கொண்டு, வைகாசி முடிவதற்குள் மறுபடியும் வெறும் மணலாகிவிடுவதை நூற்றாண்டுக் கணக்கிற் கண்டு வந்திருக்கிறது. முத்துச்சலாபம் என்று பெயர் பெற்ற இந்தக் கடற்குளிப்பைப் பற்றி எழுதப் புகுந்த யாத்திரிகரும் உத்தியோகத்தரும், குளிகற்களில் கால் பதித்து ஆழத்துக்கு இறங்கும் குளிகாரரின் தீரத்தையும், அழுகும் சிப்பியின் துர்க்கந்தத்தையும், ஏலக் கொட்டகையின் ஆரவாரத்தையும் சலிப்பின்றி வருணித்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆரவாரத்தின் நடுவே ஏடும் எழுதுகோலுமாக அமர்ந்து, கடலடிச் சிப்பித் திடலாகிய இன்ன பாரிலிருந்து, இன்ன தோணியில், இன்ன நாளில், இத்தனை ஆயிரம் சிப்பி வந்தது என்று பதிந்து வைத்த கணக்கர்களை நினைத்தவர் சிலரே. அந்தக் கணக்குகள் எங்ஙனம் சேர்ந்தன, சேர்ந்தவற்றை யார் எவ்வாறு படித்தார்கள், படித்தும் எவ்விடத்தில் ஏமாந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய இரண்டு கருத்துக்களை இக்காலத்துக் கணினி சாஸ்திரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தரவுக் களஞ்சியம் என்பது ஒன்று. தரவு அகழ்வு என்பது மற்றொன்று. கடைக்காரர் ஒருவர் அன்றாட வரவு செலவைக் குறித்துக்கொள்ளும் குறிப்பேடு வேறு, ஆண்டுகள் பல கடந்த பின்பும் புரட்டிப் பார்த்து ஆலோசிப்பதற்குரிய பேரேடு வேறு அல்லவா? 1990களின் தொடக்கத்தில் இத்துறைக்கு வரம்பு வகுத்த அமெரிக்கரான பில் இன்மன், அவ்வாறான ஆலோசனைக்குரிய தொகுப்பு ஒரு பொருளைச் சார்ந்து அமைய வேண்டும் என்றும், பல இடங்களிலிருந்து வருவனவற்றை ஒரே அளவைக்குக் கொண்டுவர வேண்டும் என்றும், காலக்குறியோடு கூடியிருக்க வேண்டும் என்றும், ஒருமுறை பதிந்ததைப் பின்னர் அழித்தெழுதலாகாது என்றும் நான்கு லக்ஷணங்கள் கூறினார். அகழ்வு என்பதோ, அப்படிச் சேர்ந்து கிடப்பதை வகை பிரித்தும், ஒன்றோடொன்று கூடி வருவனவற்றைக் கண்டும், வழக்கத்துக்கு மாறானதைத் தனியே பிரித்தெடுத்தும், எழுதியவனே அறியாத ஓர் ஒழுங்கை வெளிக்கொணர்வதாகும். 1993இல் ராகேஷ் அகர்வாலும் அவருடைய சகாக்களும் கடைச் சிட்டைகளை ஆராய்ந்து, எந்தச் சரக்கோடு எந்தச் சரக்கு சேர்ந்து விலைபோகிறது என்று கண்டறியும் விதிகளை வகுத்தது இத்துறையில் ஒரு பிரசித்தமான நிகழ்ச்சி. பெயர்கள் புதியனவே, காரியம் அவ்வளவு புதிதன்று என்பதற்கு மன்னார்க் கடலே சாட்சி.

வகை பிரித்தலை முதலிற் பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் காலத்தில் அளிக்கப்பட்ட ஆபரணங்களைக் குறிக்கும் கல்வெட்டுக்கள், அவற்றிற் பதித்த முத்துக்களை வாளா முத்து என்று எழுதி அமையவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி என்றும், குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்றும் வடிவும் ஒளியும் பற்றிப் பிரித்துப் பிரித்துச் சொல்லுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முத்து ஒவ்வொன்றையும் இன்ன இனம் என்று இரண்டு தரகர்கள் ஒருமித்துச் சொல்லக்கூடிய நிச்சயமான அடையாளங்கள் இருந்திருக்கின்றன என்பதை இது காட்டும்.

அதே மரபு சலாபக் கரையிலும் தொடர்ந்து வந்தது. கழுவி எடுத்த முத்துக்களை வணிகர்கள் பித்தளைத் தட்டுக்கள் பத்தில் சலிப்பார்கள். தட்டுக்கள் ஒரே அளவினவாயினும், முதல் தட்டில் 20 துவாரங்களும், அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800, 1000 என்றும் துவாரங்கள் பெருகிக்கொண்டே போக, துவாரத்தின் விட்டம் அதற்கேற்பச் சிறுத்துக்கொண்டே வரும். எந்தத் தட்டில் முத்து தங்குகிறதோ அதுவே அதன் பருமன்வகை. பெட்டி என வழங்கிய இத்தட்டுக்களைக் கடந்த பின்னரே, உருட்சியும் ஒளியும் குறைவற்ற ஆணி முதல், ஒன்றுக்கும் உதவாத தூள் ஈறாக, குணம் பற்றிய இரண்டாம் பிரிவு நடைபெறும். பருமனைத் தட்டுக்குச் சுமத்திவிட்டு, தன் கண்ணின் விவேகத்தைக் குணத்துக்கு மாத்திரம் வைத்துக்கொண்ட அந்த வணிகரின் சாமர்த்தியம் மெச்சத்தக்கது. எண்ணால் தீர்க்கக்கூடியதை எண்ணாலும், மனத்தால் மட்டுமே தீர்க்கக்கூடியதை மனத்தாலும் தீர்த்தார்கள்.

இனிக் களஞ்சியத்துக்கு வருவோம். 1560இல் மன்னாரிற் கோட்டை கட்டிய போர்த்துக்கேயரும், 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும் எழுதி வைப்பதிற் பெருவிருப்புடையவர்கள். காணிகளின் விவரத்தையும், உடையவர் பெயரையும், செலுத்த வேண்டிய இறையையும் பதிந்த தோம்புகள் அவ்விருவர் ஆட்சியிலும் எழுந்தவையே. மேலும், பதவி நீங்கும் ஒல்லாந்த அதிகாரி தமக்குப் பின் வருபவருக்காக நாட்டின் நிலைமையை நீண்டதோர் ஒப்படைப்புப் பத்திரமாக எழுதி வைப்பது அவர்களுடைய வழக்கம். யாழ்ப்பாணப் பட்டினத்துத் தலைவராயிருந்த ஸ்வார்தெக்ரோன் 1697இல் விட்டுச் சென்ற பத்திரத்தில், மன்னார்ப் பக்கத்துச் சாயவேரும் யானையும் முத்தும் வருமான விஷயங்களாகப் பேசப்படுகின்றன. ஒல்லாந்தர் எழுதிய ஏடுகளிற் பெரும் பகுதி இன்றும் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கிறது. வியாபாரத்துக்காக வந்தவர்கள் லாபநஷ்டம் பார்க்க எழுதியவை, பிற்காலத்தார்க்குச் சரித்திரமாயின.

ஆங்கிலேயர் 1796 முதல் 1798 வரை தொடர்ந்து மூன்று சலாபங்கள் நடத்திப் பெரும் பொருள் ஈட்டினர். தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே தமக்கென்று தூண்கள் நிறைந்த ஒரு மாளிகை கட்டிக்கொண்டதும் அந்தச் செழிப்பின் மதர்ப்பிலேயாம். அக்காலத்தில் சலாபத்தைக் குத்தகைக்கு விடுவதுண்டு. குத்தகைக்காரர் இத்தனை பகோடா என்று ஒரு தொகையை ஒப்புக்கொண்டு கடலை எடுத்துக்கொள்ள, அரசாங்கத்தின் கவலை அத்தொகையோடு முடிந்துவிடும். எந்தப் பாரில் எத்தனை சிப்பி என்பது குத்தகைக்காரரின் சொந்த சமாசாரம். பின்னர் அரசாங்கமே நேராக நடத்தும் அமானி முறை ஊன்றிய போதுதான், ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையும் அரசாங்க ஏட்டில் ஏறத் தொடங்கியது. குத்தகை ஆண்டிலே எஞ்சுவது ஒற்றை எண். அமானி ஆண்டிலே எஞ்சுவதோ நாள்தோறும் தோணிதோறும் விரிந்த விவரம். இரண்டையும் ஒரு பட்டியலிற் சேர்க்க முயன்றவர்களுக்கு, பகோடாவும் இறைசாலும் பவுணும் 1872க்குப் பின் வந்த ரூபாயும் என்று நாணயங்கள் மாறி மாறி வந்த தொல்லை வேறு. பழைய கணக்குகளை ஒப்புநோக்குவதில் பாதி உழைப்பு இப்படி ஒரே அளவைக்குக் கொண்டுவருவதிலேயே கழிந்துவிடும் என்பதை இத்தொழிலில் இறங்கியவர் எவரும் அறிவர்.

அமானிக் கணக்கின் அடிநிலை கொட்டு எனப்பட்ட வேலியடைப்பிலே இருந்தது. பிற்பகலில் தோணிகள் கரை சேர்ந்ததும், குளிகாரர்கள் தாங்கள் கொணர்ந்த சிப்பிகளை அங்கே மூன்று சமக் குவியல்களாகக் கொட்டுவார்கள். அவற்றில் எது குளிகாரருடையது என்பதை, பிரித்து முடிந்த பின்னரே அரசாங்க உத்தியோகத்தர் சுட்டிக் காட்டுவார். மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கு. எந்தக் குவியல் தன் பங்காகும் என்று தெரியாத நிலையில், குளிகாரன் மூன்றையும் நேர்மையாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கண்காணிப்பாளர் நூறு பேரை நிறுத்தினாலும் கிடைக்காத நியாயம் இந்த ஒரு சிறிய ஏற்பாட்டினாற் கிடைத்தது. அரசாங்கப் பங்கு எண்ணப்பட்டு, அன்று மாலையே ஆயிரத்துக்கு இன்ன விலை என்று ஏலத்தில் போகும்.

சலாபம் கூடுமா கூடாதா என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் முறையும் நுட்பமானதே. பார்ச் சோதனை செய்யும் அதிகாரி, கரையில் வெள்ளை அலைகள் ஓய்ந்திருக்கும் காலத்தில் சென்று, பாருக்குப் பார் குளிகாரரை இறக்கி, சிப்பியின் செறிவையும் வயதையும் பார்ப்பார். பிறகு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை நிபுணரைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இன்ன பெறுமதி என்று கணித்து, அந்த மதிப்பையே விளம்பரப்படுத்திக் கீழக்கரை, தூத்துக்குடி முதலிய தூரத்து ஊர்களில் உள்ள வணிகரையும் குளிகாரரையும் அழைப்பார்கள். கடலின் அடியிற் கோடிக்கணக்காகக் கிடப்பதை ஒரு கைப்பிடியால் அறியும் இந்த அநுமானம் பெரும்பாலும் பலித்தது. சிப்பிக்கு நான்கு வயது நிரம்பினால் முத்து விலைபெறும்; ஆறேழு வயதைக் கடந்தால் சிப்பியே மடிந்துவிடும். இடையில் உள்ள அந்தச் சொற்பமான அவகாசத்தைத் தவறவிடாமல் பிடிப்பதே அதிகாரியின் வித்தை.

இத்தனை ஏடுகளும் ஓரிடத்திற் சேர்ந்ததும், படிப்பவர் தோன்றினர். கப்பித்தான் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1843இல் ஒரு நூல் எழுதினார். 1887இல் வேன் என்பவர் ராயல் ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் நெடுங்கட்டுரை ஒன்று வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் அரசாங்க அதிபராயிருந்த துவைனந்துரையின் அறிக்கைகளும் வந்தன. இவற்றைக் கோத்துப் பார்த்த போது புலப்பட்டது செழிப்பின் சரித்திரம் அன்று, வறட்சியின் சரித்திரம். ஒல்லாந்தர் காலத்தில் 1732 முதல் 1746 வரையிலும், 1768க்கும் 1796க்கும் இடையிலும் சலாபமே இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1820 முதல் 1828 வரை ஒன்றுமில்லை. 1837 முதல் 1854 வரை ஒன்றுமில்லை. 1887 முதல் 1891 வரை ஐந்தாண்டுகள் வாரி வழங்கிய பின்னர் மறுபடியும் ஒரு பத்தாண்டுப் பஞ்சம்.

இந்தப் பஞ்சத்தின் காரணத்தை அறியவே லிவர்பூல் சர்வகலாசாலைப் பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெலைத் துணைவராகக் கொண்டு, 1902இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய ஆராய்ச்சியை ராயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக வெளியிட்டது. அவற்றிலே முத்தின் பிறப்புக்கு நாடாப்புழுவின் குஞ்சே காரணம் என்று அவர் சொன்னது அக்காலத்தில் பெரும் பரபரப்பாயிற்று. பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. எம் அபிப்பிராயத்தில் அவருடைய மிகச் சிறந்த கண்டுபிடிப்பு நுண்காட்டியிலிருந்து வந்ததன்று, பழைய சோதனைக் குறிப்புக்களிலிருந்து வந்தது. பெரிய பார் என்னும் மிக விசாலமான பார், 1880 முதற்கொண்டு எழுதப்பட்ட குறிப்புக்களின்படி, குறைந்தது பதினொரு முறை இளஞ்சிப்பியால் நிறைந்திருக்கிறது; ஒருமுறையேனும் அது சலாபத்துக்கு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் சோதனைக்குச் சென்ற அதிகாரி, நிறைந்திருந்ததைக் கண்டு மகிழ்ச்சியோடும், மறைந்துவிட்டதைக் கண்டு வருத்தத்தோடும் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்தார். அவரவர் ஆண்டை அவரவர் அறிந்திருந்தார்களேயன்றி, பதினொன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தவர் இலர். பார்த்த மாத்திரத்தில், அது நாற்றங்காலாகுமேயன்றி விளைநிலமாகாது என்பதும், தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்புக்கு இலக்காகும் அங்கிருந்து இளஞ்சிப்பிகளை உள்வாங்கிய பார்களுக்குப் பெயர்த்து நடுவதே தக்க உபாயம் என்பதும் தெளிவாயின.

ஏடு வாய் திறந்து உண்மை சொன்ன அதே காலத்தில், அதே ஏட்டை வைத்துக்கொண்டு மனிதர் ஏமாந்த கதையும் நிகழ்ந்தது. 1903இல் சலாபம் மீண்டும் தொடங்கி, 1905இல் மறிச்சுக்கட்டியில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு இருபத்தைந்து லக்ஷ ரூபாய் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டுச் சலாபத்தில் கடமை செய்ய வந்த இளைஞர்களில் பின்னாளில் ஆசிரியராகப் புகழ்பெற்ற லெனர்ட் வூல்ஃபும் ஒருவர். அந்த 1906ஆம் ஆண்டிலேயே, இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற லண்டன் கூட்டத்தார், ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பார்களைக் குத்தகையாகப் பெற்றனர். 1905இன் வருமானத்தை இத்தொகையோடு வைத்துப் பார்த்தவர்கள் அரசாங்கம் கை நழுவவிட்டதென்றே எண்ணியிருப்பார்கள். 1907இல் ஒரு சலாபம் நடந்தது. அதன் பின் கடல் ஒன்றும் தரவில்லை. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது.

கம்பனியாருக்கு ஏடு இல்லாமற் போகவில்லை. ஐந்தாண்டுச் செழிப்பை அடுத்துப் பத்தும் பதினேழும் இருபத்தெட்டும் ஆண்டுகள் பாழாய்க் கிடந்த பட்டியல் அச்சிலேயே இருந்தது. அவர்கள் படித்தது கடைசிச் சில வரிகளை. மூன்று நான்கு நல்லாண்டுகளின் சராசரியை இருபதாண்டுக்கு நீட்டி எழுதுபவன், எத்தனை பெரிய களஞ்சியத்தின் நடுவே இருந்தாலும் அதன் வாயிற்படியில் நிற்பவனே. இன்று கணினியைக் கொண்டு வருங்காலம் உரைப்போர், மாதிரிக்கு எடுத்த காலம் குறுகியதாயின் முடிவு பிழைக்கும் என்று மாணவர்க்குப் போதிக்கிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

ஏட்டில் ஏறாத ஞானமும் உண்டு. பார்களின் இருப்பிடமும் நீரோட்டமும் மண்ணின் இயல்பும் அடப்பனார் என்னும் பார்த்தலைவர்களின் நினைவிலும், தலைமுறை தலைமுறையாகக் குளித்துவந்த பரவரும் கீழக்கரை முஸ்லிம்களும் தம்முள் பேசிக்கொண்ட பேச்சிலும் இருந்தன. அவர்கள் எத்தனை சிப்பி கொண்டுவந்தார்கள் என்று எண்ணிய கணக்கர், எந்தப் பாரில் ஏன் இறங்க மறுத்தார்கள் என்று கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஜெபித்த கடற்கட்டிக்கு ஒரு காலத்தில் அரசாங்கமே கூலி கொடுத்தது. ஆகவே மந்திரத்துக்கு ஏட்டில் ஒரு வரி கிடைத்தது, அநுபவத்துக்குக் கிடைக்கவில்லை. விலை உள்ளது மட்டுமே பதிவாகும் என்பது எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவான குறை.

மற்றொரு குறையை ஹோர்னெல் ஓரளவு தீர்த்தார். ஒரே கடலின் இரண்டு கரைகளில் இரண்டு அரசாங்கங்கள் தனித்தனியே கணக்கு வைத்திருந்தன: தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களைச் சென்னை அரசாங்கமும், மன்னார்ப் பக்கத்துப் பார்களை இலங்கை அரசாங்கமும் நிர்வகித்தன. இலங்கையிலிருந்து சென்னை மீன்துறைக்குச் சென்ற ஹோர்னெல், இரு கரையின் அநுபவமும் ஒருங்கே உடையவராய், குடாவின் இந்தியப் பக்கத்து முத்துக்குளிப்பைப் பற்றிய தம் அறிக்கையை 1922இல் வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1925இல், மன்னார்ப் பக்கத்தில் பழைய முறைப்படியான கடைசிப் பெருஞ்சலாபம் நடந்தது. எதிர்க்கரையிலோ தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடந்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டு வறட்சிக்குப் பின் அங்கே சிப்பி வந்ததற்கும், இங்கே அவ்வாறு பெருஞ்சலாபம் கூடாமைக்கும் காரணம் தேடப் புகுவோர், ஹெர்ட்மனின் ஐந்து பாகங்களையும் ஹோர்னெலின் அறிக்கையையும் ஒரே மேசையில் விரித்து, ஆண்டுக்கு ஆண்டு, பாருக்குப் பார் எதிரெதிரே வைத்துத் தொடங்குவதே முறை.