நடுவில் இல்லாத துளை

தோள்பட்டைத் தசைநார் கிழிந்து ஏழு மாதம் கழித்து மைதானத்துக்குப் போனேன். என் பழைய 36 பவுண்டு ரீகர்வ் வில்லைத் தொடவே பயிற்சியாளர் விடவில்லை. பள்ளியில் என்னிடம் விளையாட்டுப் பழகிய பையன்தான் அவன். "இனிமே காம்பவுண்ட் எடுங்க டீச்சர்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. சக்கரம் வைத்ததை நான் வில் என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

வில்லுக்கும் தோளுக்கும் பகை பழையது. 1545இல் மூழ்கிய இங்கிலாந்துப் போர்க்கப்பல் மேரி ரோஸை 1982இல் கடலிலிருந்து தூக்கினார்கள். அதில் கிடைத்த யூ மர நெடுவிற்களை இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை பலம் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கப்பலோடு மாண்டவர்களில் வழக்கத்தைவிட அதிகம் பேருக்குத் தோள்பட்டை எலும்பின் நுனி, மீதி எலும்போடு சேராமலே இருந்தது. சிறுவயது முதல் கனத்த வில்லை இழுத்துப் பழகியது காரணமாயிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அந்த விற்களை இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். நிதானமாகக் குறி பார்க்க வேண்டிய கணத்தில்தான் முழுச்சுமையும் தோளில் இருக்கும். என் ரீகர்வுக்கும் அதே குணம்தான்.

அந்தக் குணத்தை மாற்றியவர் அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன். ஒரு ரீகர்வ் வில்லின் நுனிகளை அறுத்துவிட்டுக் கப்பிகளை மாட்டினார். 1966இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். கிணற்றுக் கப்பிக்கு அச்சுத் துளை நட்டநடுவில் இருக்கும். ஆலன் அதை ஓரமாகத் தள்ளிப் போட்டார், சூட்சுமம் அதில்தான். கப்பி உருள உருள, நாண் அச்சை விட்டு விலகுகிறது, எதிர்ப்பக்கக் கயிறு அச்சை நெருங்குகிறது. நெம்புகோலின் நீளமான பக்கம் நம் கைக்கு வந்துவிடுவதால், உச்சத்தைத் தாண்டியதும் பாரம் சரிகிறது.

வேட்டைக்காரரான ஆலன் தேடியது வேகமான அம்பைத்தான். தோளுக்குக் கிடைத்த ஓய்வு கூடவே வந்த லாபம். கலிபோர்னியாவின் டாம் ஜென்னிங்ஸ் உரிமம் பெற்று இந்த வில்லைச் செய்து பரப்பினார். உலக சாம்பியன்ஷிப்பில் இதற்கு 1995இல்தான் இடம் கிடைத்தது. ஒலிம்பிக்ஸ் 2028 வரை காக்கவைத்துவிட்டது. என்னைப்போல் முகம் சுளித்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

வேகத்தின் மேல் ஆசை அடங்கவில்லை. வட்டச் சக்கரம் போய், கேம் என்கிற கோணல்மாணலான சக்கரம் வந்தது. பழைய சக்கரத்தில் பாரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வேகக் கேமில் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போய், அங்கேயே வெகுதூரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். விழுந்தபின் கையில் நிற்பது முன்பு பாதிப் பாரம் என்றால், இப்போது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான்.

நான் ஏமாறப் பார்த்தது இங்கேதான். 40 பவுண்டு வில்லைக் காட்டி, "பிடிச்சு நிக்க எட்டுப் பவுண்டுதாம்மா" என்றார் கடைக்காரர். அந்த எட்டுக்குப் போக நாற்பது படி ஏற வேண்டுமே! புண்பட்ட தோளுக்கு நிற்பது பெரிதல்ல, ஏறுவதுதான் பாடு.

பையன் வேறொன்றை எடுத்துத் தந்தான். உச்சப் பாரம் 25 பவுண்டு, கேமும் மென்மையானது. தோள் தேறினால் திருகைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளலாம். "அம்பை மாட்டி இழுங்க டீச்சர். எய்ய வேண்டாம், அப்படியே மெதுவா இறக்குங்க" என்றான்.

முன்பு கடையில் அந்த நாற்பதை இறக்கியபோது, நாண் உச்சத்தில் வெடுக்கென்று கையைப் பிடுங்கியது. தோளுக்குள் பழைய வலி எட்டிப் பார்த்தது. இதுவோ கிணற்றுக்குள் வாளியை விடுவதுபோல் நிதானமாக இறங்கியது.

அன்றே வாங்கிவிட்டேன். அம்பு முன்னைவிடத் தாழ்ந்துதான் விழுகிறது. விழட்டும்.