லொறிப் பாதையில் ஒரு நடை

சிங்கராஜ வனத்துக்குக் குடாவ வாசலால போனா, முதல்ல ஒரு அகலமான பாதை வரும். மழைக்காட்டுக்குள்ள ஏன் இவ்வளவு அகலம்? 1970களின் தொடக்கத்தில் ப்ளைவுட் செய்ய மரம் தறித்தார்கள். அதை ஏற்றும் லொறிகளுக்காக வெட்டிய பாதை அது. சூழல் ஆர்வலர்கள் விடாமல் எதிர்த்ததால் 1977இல் தறிப்பு நின்றது. 1978இல் உயிர்க்கோளக் காப்பகம், 1988இல் உலக மரபுரிமைத் தளம் என்ற பெயர்கள் பிறகுதான் வந்தன.

இன்றைக்கு நாங்க அட்டைக்கடியோட நடந்து, இரட்டைவால் குருவியோட பல இனப் பறவைகள் ஒரே கூட்டமா இரை தேடுறதைப் பார்க்கிறதும் அந்தப் பாதையிலதான். தறிச்ச இடங்கள்ல காடு இன்னும் மெல்ல மெல்ல மீளுது. எதிர்ப்பு இன்னும் பத்து வருஷம் பிந்தியிருந்தா, பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? போகேக்க பறவையோட சேர்த்து அந்தப் பாதையையும் ஒருக்காப் பாருங்க.