வானம் பார்த்த பூமி

 

மழையை நம்பி விதைக்கிற நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்பார்கள். நம்முடைய விசுவமடுவுக்கு அந்தப் பெயர் இன்னொரு வகையிலும் பொருந்தும். வெளிநாடுகளில் போர் விமானம் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. ஓடுபாதை வேலியோரம், மலைச்சரிவு என்று நல்ல இடம் தேடிக் கமராவோடு போய் நிற்பார்கள். வன்னியில் அது உயிர் காக்கிற கல்வியாக இருந்தது.

1985இல் இலங்கை விமானப்படைக்கு இத்தாலியின் சியாய் மார்ச்செட்டி விமானங்கள் வந்தன. சனம் அதைச் ‘சியாமாசெட்டி’ ஆக்கியது. குண்டு போடுகிற எதுவும் ‘பொம்மர்’. மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பீப்பாய்க் குண்டு போட்டது ‘சகடை’. அவை திரும்புகிற பக்கத்தைக் கண்ணால் பார்த்து ஓட நேரம் இருந்தது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டது. அந்த ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றும் வரை, தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்த முஸ்லிம்களாகிய நாங்களும் இதே வானத்தைத்தான் பார்த்தோம். பிறகு புத்தளத்து அகதி முகாம்களில் மழைக்கு மட்டும் வானம் பார்த்தோம். இங்கே இருந்தவர்களுக்கு அந்த ஆறுதலும் கிடைக்கவில்லை.

1996இல் இஸ்ரேலியத் தயாரிப்பான கிபீரும், 2000இல் மிக்-27உம் வந்தன. பழைய கணக்குப் பொய்த்தது. ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சத்தம் காதுக்கு வர ஒன்பது செக்கன் ஆகும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற விமானம் அதற்குள் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் கடந்துவிடும். சத்தம் வருகிற இடத்தில் தேடினால் விமானம் தெரியாது. அதற்கு முன்னால் தேட வேண்டும். இந்தப் பௌதிகத்தை வன்னிப் பிள்ளைகள் முற்றத்தில் படித்தார்கள்.

நின்று பார்க்கிற இடத்துக்கும் கணக்கு இருந்தது. குளக்கட்டில் ஏறினால் வானம் முழுதும் தெரியும், ஒளிய இடமிராது. பாலை, முதிரை மரங்களுக்குக் கீழே மறைவு உண்டு, வானம் தெரியாது. ஆகவே நல்ல இடம் பங்கர் வாசல்தான்: தலைக்கு மேலே ஒரு துண்டு வானம், காலடியில் குழி. குண்டுச் சிதறல் நேரே உள்ளே பாயாதபடி பங்கரை வளைத்து வெட்டினார்கள். பிற்காலத்தில் ஆளில்லா வேவு விமானம் வந்தது. அதன் இரைச்சலை வைத்து ‘வண்டு’ என்றார்கள். வண்டு சுற்றினால் பின்னால் கிபீர் வரலாம்.

கணக்குத் தெரிந்த எல்லாரும் தப்பவில்லை. 2006 ஓகஸ்ட் 14 காலை, பக்கத்து வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தில் விழுந்த குண்டுகள் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. பெரும்பாலானோர் பாடசாலை மாணவியர். 2009 ஜனவரியில் பரந்தன்–முல்லைத்தீவு வீதிக்கு வடக்கே பாதுகாப்பு வலயம் அறிவித்தார்கள். அதற்குள்ளும் செல் விழுந்தது. செல் வருவதை அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தெற்கிலும் இந்தப் பயம் இருந்தது. 2007 மார்ச் 26 அன்று புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவில் குண்டு போட்டன. அதற்குப் பிறகு கொழும்பிலும் விளக்கணைத்து வானம் பார்த்த இரவுகள் உண்டு.

இன்று இரணைமடுவில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ஹெலி பறந்தால் வகுப்புப் பிள்ளைகள் யன்னலுக்கு ஓடுகிறார்கள். அதே சத்தத்துக்குச் சில வீடுகளில் அம்மம்மாமார் உள்ளே போகிறார்கள். ஏன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மம்மா, அப்பப்பா எங்கே நின்று பார்த்தார்கள், எந்தச் சத்தத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் உம்மும்மாமாரிடமும் 1990இன் அந்த நான்கு மாதக் கதை இருக்கிறது. அதை நாங்கள் எழுதுகிறோம். ஒரே வாங்கில் இருந்து படிக்கிற பிள்ளைகள் இரண்டு கொப்பிகளையும் வாசிக்கட்டும்.