குற்றாலத்துப் பங்களா

தென்காசியில் பத்திரம் எழுதுகிறவனுக்கு ‘பங்களா’ என்ற சொல் வந்தால் பேனா சற்று நிற்கும். ஓட்டு வீடு, மச்சு வீடு என்றால் கட்டடம் இன்னதென்று புரிந்துவிடும். பங்களா என்றால் அதில் யார் குடியிருந்தார்கள் என்பதும் சேர்ந்து வரும்.

குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவைப் பாகம் பிரிக்க ஒரு குடும்பத்தார் என்னிடம் வந்தார்கள். அண்ணன் பிள்ளைகள் அமெரிக்காவிலும் தங்கை பிள்ளைகள் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்தவர்கள். ஆங்கில நகலைப் படித்துவிட்டு அமெரிக்கப் பையன், “சின்ன வீட்டுக்கா அங்கிள் இத்தனை பக்கம்?” என்று போனில் கேட்டான். இங்கிலாந்துப் பெண்ணுக்கு வேறு சந்தேகம்: “பங்களான்னா மாடி எப்படி இருக்கும் அங்கிள்?”

அவரவர் ஊர் வழக்குப்படி இரண்டு கேள்வியும் நியாயமானவை. பங்களா என்பது முதலில் வங்காளத்துக் குடியானவரின் கூரை வீட்டுக்கு வழங்கிய பெயர். 1676-லேயே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் எழுத்தில் ஏறிவிட்டது; அப்போது அது கப்பலாட்களுக்குப் போட்ட குடிசை. பிறகு துரைமார் அந்தக் குடிசையின் தாழ்வாரத்தை அகலமாக்கி, சுற்றிலும் தோட்டம் வைத்து, தங்கள் வீட்டுக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

குற்றாலம் மலையடிவாரம்தான், உதகை போல் உயரமில்லை. ஆனால் ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கும். பாளையங்கோட்டை வெயிலில் வெந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அது போதும். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1830-களில் இங்கே தங்கிச் செடிகள் சேகரித்தார். செங்கோட்டையைத் தன்னிடம் வைத்திருந்த திருவிதாங்கூர், குற்றாலத்தில் ஓர் அரண்மனையே கட்டியது. அது இன்றும் கேரள அரசின் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளைப் பார்த்தவர்களுக்குத்தான் பங்களாவின் புதுமை தெரியும். தெருவை ஒட்டித் திண்ணை, உள்ளே தார்சா, பட்டாசாலை, இருட்டான அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று நூல் பிடித்தாற்போல் போகும். பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவரோடு ஒட்டியிருக்கும். பங்களா தெருவுக்கு முகம் காட்டாமல் காம்பவுண்டின் நடுவில் தள்ளி நிற்கும். நான் எழுதிய அந்தச் சொத்தில் சமையற்கட்டு பின்னால் தனிக் கட்டடம். புகையும் சமையல்காரரும் எஜமான் கண்ணில் படக்கூடாது என்று கட்டியது அது. சாரல் மழையில் நனைந்துகொண்டு சோற்றுப் பாத்திரம் சுமந்த ஆட்களின் பெயர் எந்தத் தாய்ப்பத்திரத்திலும் இல்லை. அது எனக்கு மனவருத்தம்தான்.

இங்கிலாந்துக்கு இந்தச் சொல் 1870-ஐ ஒட்டிக் கடற்கரை வீடாகப் போய்ச் சேர்ந்தது. கெண்ட் மாவட்டத்து பர்ச்சிங்டனில் அப்படியொரு பங்களாவில்தான் 1882-ல் கவிஞர் ரொசெட்டி இறந்தார். நாளடைவில் அங்கே மாடியில்லாத வீடு என்பதே பொருளாகி நின்றுவிட்டது. அமெரிக்காவில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலிருந்து பரவியது. தாழ்ந்த கூரை, முன்புறத் தாழ்வாரம், சில சமயம் கூரைக்குள்ளேயே ஓர் அறை. 1908 முதல் சியர்ஸ் கம்பெனி வீடு கட்டும் மரங்களையும் சாமான்களையும் ரயிலில் அனுப்பி விற்றபோது, நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிறு வீடு என்ற பொருள் ஊன்றிவிட்டது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கிய வீட்டுக்கு அங்கே இந்தப் பெயர். இங்கே கலெக்டர் வீட்டுக்கும் ஜமீன்தார் வீட்டுக்கும். மாடி எத்தனை எழும்பினாலும் நம்மிடம் பங்களா பங்களாதான்.

அந்தப் பத்திரத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது. அமெரிக்கர்கள் தரைத்தளத்தையே முதல் தளம் என்று எண்ணுவார்கள். பிரிட்டனிலும் நம்மிடமும் அதற்கு மேலுள்ளதுதான் முதல் மாடி. முதல் மாடி தங்கை வகைக்கு என்று மட்டும் விட்டிருந்தால் பின்னால் வழக்கு வந்திருக்கும். அதனால் பங்களா என்ற சொல்லைத் தலைப்பில் மட்டும் வைத்துக்கொண்டு, சொத்து விவரத்தில் ‘தரையோடு உள்ள நான்கு அறைகள்’, ‘படியேறிப் போகும் மேல்கட்டு’, ‘பின்புறத் தனிச் சமையற்கட்டு’ என்று பிரித்து எழுதி, கிணற்றுப் பாதையை இரு வகையாருக்கும் பொதுவாக்கினேன்.