எக்ஸ்சேஞ்ச் அட்டையில் இருந்து ஆஃபர் லெட்டர் வரைக்கும்: ஒரு நீண்ட இழை

போன வாரம் ஓபியில ஒரு தம்பி வந்தார். வயசு 23, டிப்ளமோ முடிச்சவர். கையில ஒரு பிரிண்ட் அவுட். "சார், ஃபிட்னஸ் சர்டிபிகேட் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள அப்லோட் பண்ணணுமாம்."

வாங்கிப் படிச்சேன். ஆஃபர் லெட்டர். லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் பக்கா. கடைசிப் பத்தியில மட்டும் "லேப்டாப்புக்காக, திருப்பித் தரப்படும் டெபாசிட் 12,500 ரூபாய்". அனுப்பினது ஒரு ஜிமெயில் முகவரி.

அந்தத் தம்பி கதைக்கு அப்புறம் வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை பேசலாம் மக்களே.

"எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வெச்சியா?" பத்தாவது ரிசல்ட் வந்த கையோட எல்லா வீட்லயும் கேட்ட கேள்வி இது. இந்த ஆபீஸ்கள் ஆரம்பிச்சது நமக்காக இல்லை. 1945ல் உலகப்போர் முடிஞ்சு வெளியே வந்த சிப்பாய்களுக்கு வேலை தேடித் தரத்தான். 1948ல்தான் எல்லாருக்கும் திறந்தாங்க. 1956ல் மாநிலங்கள் கைக்கு வந்தது.

1959ல் ஒரு சட்டம். காலியிடம் இருந்தா எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டாயம் தெரிவிக்கணும். அங்கிருந்துதான் ஆள் எடுக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லவே இல்லை! ஆனா அரசு ஆபீஸ்கள்ல நடைமுறை அப்படித்தான் இருந்தது.

மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்தா சீனியாரிட்டி போச்சு. அந்த அட்டையை ரேஷன் கார்டு கூடவே பத்திரமா வெச்சிருந்த வீடுகள் ஏராளம். எம்பிபிஎஸ் முடிச்சவங்களும் சாந்தோம்ல இருந்த ஆபீஸ்ல போய்ப் பதிவாங்க. வரிசை ரொம்ப மெதுவா நகரும். ஆனா உங்க முறை வந்தா கார்டு உங்க வீடு தேடி வரும். தேட வேண்டிய வேலை உங்களுது இல்லை.

1996ல் ஆந்திராவில் இருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: எக்ஸ்சேஞ்ச் அனுப்பின பேர்களை மட்டும் பார்த்தா போதாது, பேப்பர்லயும் விளம்பரம் கொடுத்து, விண்ணப்பிக்கிற மத்தவங்களையும் பரிசீலிக்கணும். நியாயமான தீர்ப்புன்னுதான் நான் சொல்லுவேன். அதுக்கப்புறம் அந்த அட்டையோட மவுசு குறைய ஆரம்பிச்சது.

அடுத்த வருஷமே, 1997ல் நௌக்ரி.காம். ஆரம்பிச்சவர் சஞ்சீவ் பிக்சந்தானி. ஹார்லிக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தப்போ ஒரு விஷயத்தைக் கவனிச்சிருக்கார். ஆபீஸுக்கு வர்ற பிசினஸ் பத்திரிகையை எல்லாரும் பின்பக்கத்துல இருந்துதான் புரட்டுவாங்களாம். வேலை விளம்பரங்கள் அங்கதான் இருந்தது. வேலையில இருக்கிறவனும் வேற வேலை என்னன்னு பார்த்துக்கிட்டேதான் இருப்பான்! (எங்க டூட்டி ரூம்லயும் அதே கதைதான்.)

பேப்பர்ல வந்த விளம்பரங்களைத் தட்டச்சு செஞ்சுதான் அந்த சைட்டை நிரப்பினாங்க. இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தே அப்போ ரெண்டு வருஷம்தான், 1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் மூலமா. அமெரிக்காவுல அதுக்கும் முன்னாடி 1994லயே ஜெஃப் டெய்லர் 'மான்ஸ்டர் போர்டு' தொடங்கிட்டார். அந்த மான்ஸ்டர் 2025 ஜூன்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை.

எங்க துறைக்கும் இது வந்தது. 2012ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைச்சாங்க. போட்டோ, கையெழுத்து, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி, ஆன்லைன்ல கட்டணம் கட்டி, நடுராத்திரி சர்வர் முன்னாடி உட்கார்ந்த அனுபவம் எனக்கும் உண்டு. ராமநாதபுரத்துல இருக்கிறவர் சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம். பெரிய நன்மைதான், மறுக்கல.

ஆனா இங்கதான் ஒரு பழக்கம் நமக்குள்ள வந்துடுச்சு. முகம் தெரியாத ஒரு பக்கத்துல எல்லா சான்றிதழையும் ஏத்துறது. கேட்ட பணத்தைக் கட்டுறது. நிஜமான அரசு விண்ணப்பமே அப்படித்தானே? மோசடி பண்றவன் புதுசா எதையும் கண்டுபிடிக்கல. நாம ஏற்கெனவே பழகின வழியிலேயே வந்து நிக்கிறான்.

வேலை வாங்கித் தர்றேன்னு ஏமாத்துற புரோக்கர் அந்தக் காலத்துலயும் இருந்தார். ஆனா அவர் வீடு தெரியும். நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் வாசல்ல நின்னு சத்தம் போடலாம்.

2022ல் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா? தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு சமூக ஊடக விளம்பரத்தையும் ஏஜென்ட்டையும் நம்பிப் போன நம்ம பசங்க, எல்லை தாண்டி மியான்மர்ல மியாவாடி பக்கம் அடைச்சு வைக்கப்பட்டாங்க. அங்க அவங்களுக்குக் கொடுத்த வேலையே ஆன்லைன்ல மத்தவங்களை ஏமாத்துறது. வெளியுறவுத் துறை அந்த செப்டம்பர்ல எச்சரிக்கை விட்டது. மீட்கப்பட்டவங்கள்ல தமிழ்நாட்டுப் பசங்களும் உண்டு.

சரி, நம்ம தம்பிக்கு வருவோம். "இன்டர்வியூ எங்க நடந்துச்சு தம்பி?"ன்னு கேட்டேன். "வாட்ஸ்அப் சாட்ல சார்." "பணம் ஏதாவது கட்டினீங்களா?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 3,500 கட்டிட்டேன். அம்மா குழுவுல எடுத்துக் கொடுத்தாங்க."

அரசுத் தேர்வுக் கட்டணம் தேர்வுக்கு முன்னாடி, அரசோட சொந்த இணையதளத்துல கட்டுறது. வேலை கொடுத்தாச்சுன்னு சொன்னதுக்கு அப்புறம் டெபாசிட் கேட்டா அது வேலையே இல்லை தம்பின்னு சொன்னேன். லெட்டர்ல இருந்த நம்பருக்கு என் முன்னாடியே கூப்பிட்டார். ஒரு பெண் குரல் ரொம்ப மரியாதையா பேசினது. "ஆபீஸ் விலாசம் சொல்லுங்க, நேர்ல வந்து கட்டுறேன்"னு இவர் சொன்னதும் கட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஸ்விட்ச் ஆஃப்.

சைபர் உதவி எண் 1930க்குப் போட்டு விவரம் கொடுத்தோம். பின்னாடி வரிசையில முப்பது பேர் நிக்கிறாங்க. எழுந்தவர் வாசல்ல நின்னு திரும்பிக் கேட்டார்: "சார், என் ஆதாரு, மார்க் ஷீட்டு, போட்டோ எல்லாம் அவங்ககிட்ட இருக்கே. அதை எப்படித் திரும்ப வாங்குறது?"

எனக்குப் பதில் தெரியல.