டான்வர்ஸ் குன்றில் பிறந்த பேய்ப்படம்

பூட்டிக் கிடக்கும் மனநல மருத்துவமனைக்குள் நாலைந்து பேர் நுழைகிறார்கள். இருட்டுகிறது. ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். கையில் இருக்கிற காசுக்குள் இந்தக் கதையைப் படமாக்கிவிடலாம் என்ற தைரியம் இன்று பல நாட்டு இளம் இயக்குநர்களுக்கு இருக்கிறது. அந்தத் தைரியத்தின் தாய்வீடு எது என்று கேட்டால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள டான்வர்ஸைத்தான் நான் கைகாட்டுவேன். 2001-ல் வெளிவந்த ‘செஷன் 9’ அங்கேதான் எடுக்கப்பட்டது.

டான்வர்ஸின் பழைய பெயர் சேலம் கிராமம். 1692-ல் சூனியக்காரிகள் என்று பழி சுமத்திப் பலரைத் தூக்கிலிட்ட விவகாரம் அங்கேதான் தொடங்கியது. அந்த வழக்குகளை விசாரித்த ஜான் ஹாத்தோர்ன் பெயரால் அழைக்கப்படும் குன்றின் மேல், 1878-ல் டான்வர்ஸ் அரசு மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இத்தனை பொருத்தம் அமைந்தால் பேய்க்கதைக்கு வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கட்டடம் யாரையும் பயமுறுத்தக் கட்டப்பட்டதல்ல.

அதன் வரைபடத்துக்குப் பின்னால் இருந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த தாமஸ் கிர்க்பிரைட் என்ற மருத்துவர். மனநோயாளிகளைச் சிறையிலும் ஏழைகள் விடுதியிலும் அடைத்துவைத்திருந்த காலத்தில், வெளிச்சமும் காற்றும் தோட்டமும் அமைதியும் கிடைத்தால் அவர்கள் குணமாவார்கள் என்று நம்பியவர். நடுவில் நிர்வாகக் கட்டடம். இருபுறமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பின்வாங்கிச் செல்லும் நீண்ட சிறகுகள். எந்த வார்டின் காற்றையும் வெயிலையும் இன்னொரு வார்டு மறைக்காது. மேலிருந்து பார்த்தால் வௌவால் சிறகை விரித்ததுபோல இருக்கும். இன்று திரையில் நம் வயிற்றைக் கலக்கும் முடிவில்லாத தாழ்வாரங்கள், நோயாளியின் முகத்தில் வெயில் படவேண்டும் என்ற அக்கறையில் பிறந்தவை.

அக்கறை நீடிக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் 250 பேருக்கு மேல் கூடாது என்பது கிர்க்பிரைட் காலத்துக் கணக்கு. டான்வர்ஸை 500 பேருக்காகக் கட்டினார்கள். 1930-களின் கடைசியில் அங்கே 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். 1950-களில் புதிய மருந்துகள் வந்தன. 1963-ல் நோயாளிகளை ஊரோடு வைத்தே கவனிக்கச் சட்டம் வந்தது. பெரிய மருத்துவமனைகள் காலியாக ஆரம்பித்தன. டான்வர்ஸ் 1992-ல் மூடப்பட்டது.

பாஸ்டன் பக்கம் இருந்த இயக்குநர் பிராட் ஆண்டர்சன், நெடுஞ்சாலையில் போகும்போதெல்லாம் குன்றின் மேல் அந்தச் செங்கல் மாளிகையைப் பார்ப்பவர். அதற்கு முன் அவர் எடுத்து 1998-ல் வந்த ‘நெக்ஸ்ட் ஸ்டாப் ஒண்டர்லேண்ட்’ ஒரு காதல் படம். நண்பரும் நடிகருமான ஸ்டீபன் கெவடனோடு சேர்ந்து, அந்தக் கட்டடத்தை மனதில் வைத்தே கதை எழுதினார். பட்ஜெட் சுமார் 15 லட்சம் டாலர். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. அந்தக் காசில் இப்படியொரு செட் போட நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. உரிந்து தொங்கும் பெயின்ட், துருப்பிடித்த கட்டில், உடைந்த ஜன்னல் வழியே சரியும் பகல் வெளிச்சம் எல்லாம் தயாராக இருந்தன. ஒளிப்பதிவாளர் ஊட்டா பிரீசெவிட்ஸ், அப்போதுதான் வந்திருந்த சோனியின் 24 பிரேம் டிஜிட்டல் கேமராவில் படமாக்கினார். அந்தக் கேமராவை முழுநீளப் படத்துக்குப் பயன்படுத்திய முதல் சில படங்களில் இதுவும் ஒன்று.

என்னைக் கேட்டால், படத்தின் உயிர்நாடி வேறொரு இடத்தில் இருக்கிறது. இந்தக் கதையில் யாரும் பேய் தேடி வரவில்லை, கூலிக்கு வருகிறார்கள். பழைய கட்டடத்தின் குழாய்களில் சுற்றியிருக்கும் ஆஸ்பெஸ்டாஸை அகற்ற கார்டன் என்ற சின்ன கான்ட்ராக்டர் டெண்டர் எடுக்கிறார். வீட்டில் கைக்குழந்தை, தொழிலில் நெருக்கடி. இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும் வேலையை ஒரே வாரத்தில் முடிப்பதாக வாக்குக் கொடுத்துவிடுகிறார். அந்த அவசரம்தான் பேய்க்கு முன்னால் நம் கழுத்தைப் பிடிக்கிறது. பீட்டர் முல்லன் அந்த மனிதராகவே மாறியிருப்பார்.

ஒரு காட்சியை மறக்கவே முடியாது. இருட்டென்றாலே நடுங்கும் ஜெஃப் என்ற இளைஞன் சுரங்கவழியில் நிற்கிறான். ஜெனரேட்டர் நின்றுபோக, தலைக்கு மேலிருக்கும் விளக்குகள் வரிசையாக அணைந்துகொண்டே அவனை நோக்கி வருகின்றன. அவன் எஞ்சிய வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறான். கிராபிக்ஸ் இல்லை, கோர முகம் இல்லை. அணையும் பல்புகளே பேயின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இன்னொரு பக்கம் மைக் என்பவர், மேரி என்ற பழைய நோயாளியிடம் மருத்துவர் பேசிய ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மொத்தம் ஒன்பது அமர்வுகள். படத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. ஆனால் படத்தில் ரத்தம் சிந்தவைப்பது எந்த நோயாளியின் ஆவியும் அல்ல, வெளியே இருந்து வந்த குடும்பஸ்தன். இரவுச் சாப்பாடு கருகிவிட்டது என்று மனைவியைக் கொன்ற ஒருவரின் வழக்கு 1990-களில் பாஸ்டன் பகுதியை உலுக்கியிருந்தது. ஆண்டர்சனுக்கு இந்தக் கதைக்கான பொறி கிடைத்தது அதில்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கட்டடத்தை எடுத்துக்கொண்டு இந்த நியாயத்தை விட்டுவிட்டார்கள். பெரும்பாலான படங்களில் நோயாளிதான் பூதம். டான்வர்ஸ் மயானத்தில் புதைக்கப்பட்டவர்களுக்கு வெறும் எண் பொறித்த கற்களே இருந்தன. அங்கே சிகிச்சை பெற்ற முன்னாள் நோயாளிகளே பதிவேடுகளைத் துருவி, புதைந்தவர்களின் பெயர்களை மீட்டார்கள். அப்படி வாழ்ந்தவர்களை வாயில் ரத்தம் வழியத் திரையில் அலையவிடுவது எனக்கு உறுத்துகிறது.

2006-ல் டான்வர்ஸ் கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்து, முகப்பை மட்டும் நிறுத்திவைத்து அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். கதை மட்டும் ஊர் ஊராகப் போனது. 2011-ல் வந்த ‘கிரேவ் என்கவுன்ட்டர்ஸ்’ கனடாவின் ரிவர்வியூ மருத்துவமனையில் எடுக்கப்பட்டது. டி.வி. நிகழ்ச்சிக்காகப் பேய் பிடிக்கப் போகும் குழுவின் கதை அது. 2018-ல் தென்கொரியாவின் ‘கொன்ஜியாம்’ இன்னும் ஒரு படி போய், நடிகர்களின் உடம்பிலேயே கேமராவைக் கட்டிவிட்டது. 1990-களில் மூடப்பட்ட ஒரு நிஜ மனநல மருத்துவமனையைப் பற்றிய படம் என்றாலும், படப்பிடிப்பு நடந்தது புசான் நகரில் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில். மருத்துவமனைக் கட்டடத்தின் உரிமையாளர் படத்தை நிறுத்தக் கோரி நீதிமன்றம் போனார். நீதிமன்றம் மறுத்துவிட்டது. கொரியாவில் 26 லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். நிஜக் கட்டடத்தை அதே ஆண்டில் இடித்துவிட்டார்கள்.