பிறப்புப் பத்திரமும் நம் பிள்ளைகளும்



பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வருவோரிடம் ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது 'சூராட் பெரானாக்' எனும் பிறப்புப் பத்திரம். "லயத்துலே பிறந்த புள்ளைங்க சார், எடுக்கலே" என்று தலைகுனிந்து நின்ற தாய்மாரைக் கண்டிருக்கிறோம்.

இக்குறையின் வரலாறு என்ன? 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்வரை, மலாயாவில் பிறந்ததே குடியுரிமைக்குப் போதுமானதாக இருந்தது. அதன்பின், பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என விதி மாறியது. ஆகவே, எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதற்குச் சான்று தேவையாயிற்று. மருத்துவச்சி கையில் பிறந்து, பதியப்படாத தோட்டப் பிள்ளைகளிடம் அச்சான்று இல்லை.

1968இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமாயிற்று. 1969க்குப் பின் சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் பலர் வேலையிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறினர்.

பத்திரமே குடியுரிமை ஆகிவிடாது. உரிமையைக் காட்டும் முதற்சான்று அதுவே. பெற்றோரின் திருமணப் பதிவும் அதற்குத் துணை. 1982 மார்ச் முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவில்லாத மணத்தில் பிறந்த பிள்ளை தாயின் நிலையையே பெறும். தந்தையின் குடியுரிமை அதற்குச் சேராது. தாயும் நாடற்றவராயின், பிள்ளையும் நாடற்றதாகலாம். பன்னிரண்டு வயதில் தோழர்கள் அடையாளக் கார்டு எடுக்கையில் அப்பிள்ளை வெறுங்கையுடன் நிற்கும்.

இப்போது தீபகற்பத்தில் பதிவுக்கான கெடு 60 நாள். முப்பதாம் நாள் தொட்டிலிட்டுப் பேர் வைக்க மறவாத நாம், அப்பேரை அரசாங்க ஏட்டில் பதியவும் மறவாதிருப்போம்.